சோர்வு விசுவாசக் குறைவு அல்ல

ஊழியத்தில் ஒருவர் சோர்ந்துபோனால் அவருடைய ஜெபத்தில் குறை இருக்கிறது என்றொரு தீர்ப்பு நம் சபைகளில் வெகுகாலமாக நடமாடுகிறது. கன்வென்ஷன் மேடையில் அது முழங்கும். ஊழியர் முகாமில் ஆலோசனையாக வரும். ஆராதனை முடிந்து வாசலில் நிற்கும்போது, அக்கறையுள்ள மூத்த விசுவாசி ஒருவர் அதையே தோளில் கைவைத்துச் சொல்வார். அபிஷேகம் இருக்கிறவனுக்குச் சோர்வு வராது, ஆத்தும பாரம் இருக்கிறவன் களைக்கமாட்டான், களைத்தால் அழைப்பையே சந்தேகிக்க வேண்டும் என்று அது மேலும் மேலும் கிளைவிடும். இதை நான் மறுக்கிறேன். வேதம் இப்படிப் பேசவில்லை. மிஷனெரி வரலாறும் இப்படி நடக்கவில்லை. நல்ல ஊழியர்களை வாயடைக்கச் செய்து, கடைசியில் ஊழியத்தைவிட்டே வெளியேற்றுகிற வேலையைத்தான் இந்தத் தீர்ப்பு செய்துவருகிறது.

யாரைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து குடும்பங்கள் மட்டுமே உள்ள கிராமச் சபையில் வருடக்கணக்காக மணியடித்து, ஜெபம் நடத்தி, சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஓடுகிற உபதேசியார். ஞாயிறு தவறாமல் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்து, வேறு யாரும் எடுக்க விரும்பாத வகுப்பை எடுத்துக்கொண்டிருக்கும் ஆசிரியை. நம் மாவட்டங்களிலிருந்து வடக்கே போய், ஒரு புதிய மொழியோடும் மலேரியாவோடும் மல்லுக்கட்டுகிற மிஷனெரிக் குடும்பம். சம்பளப் பட்டியலிலும் அறிக்கையிலும் பெயர் வராத போதகரின் மனைவி. இவர்களில் ஒருவர் துணிந்து, எனக்கு முடியவில்லை என்று சொல்கிறார். உடனே கிடைக்கும் பதில், உபவாசமிருந்து ஜெபியுங்கள் என்பது. அடுத்த முறை அவர் சொல்லமாட்டார். கர்த்தருடைய கிருபையால் சுகமாயிருக்கிறோம் என்று சொல்லப் பழகிக்கொள்வார். அந்தப் பொய்யை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

இராஜாக்களின் முதலாம் புத்தகம் 19ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, யேசபேலின் ஒரு செய்திக்குப் பயந்து பெயெர்செபாவரை ஓடுகிறார். அங்கே வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் பயணம் போய், ஒரு சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்கிறார். அவருடைய ஜெபத்தில் குறையிருந்தது என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. முந்தைய அதிகாரத்தில்தான் அவர் ஜெபித்து மழை வந்தது. இப்படிப்பட்ட மனிதனிடம் தூதன் வந்து என்ன செய்தான்? தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். தழலில் சுட்ட அடை ஒன்றும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை வந்து, மறுபடியும் சாப்பாடு கொடுத்து, உன் பயணம் நீண்டது என்று மட்டும் சொன்னான். பாவத்தை அறிக்கையிடு என்ற கட்டளையோ, விசுவாசத்தைப் பற்றிய விசாரணையோ அங்கே இல்லை.

ஓரேபில் தேவன், இங்கே உனக்கு என்ன காரியம் என்று இரண்டு முறை கேட்டாரே, அது கடிந்துகொள்ளுதல் அல்லவா என்பார்கள். அப்படியே இருக்கட்டும். அதற்குப் பின் நடந்ததைப் படியுங்கள். நான் ஒருவனே மீந்திருக்கிறேன் என்று எலியா முறையிடுகிறார். பாகாலுக்கு முழங்கால் முடக்காத 7,000 பேர் உண்டு என்று தேவன் காட்டுகிறார். செய்யவேண்டிய வேலையைப் பிரித்து, ஆசகேலுக்கும் யெகூவுக்கும் எலிசாவுக்கும் பங்கிடுகிறார். தனியாக ஓடிய தீர்க்கதரிசி ஓரேபிலிருந்து இறங்கிவந்தபோது, ஏர் ஓட்டிக்கொண்டிருந்த ஓர் இளைஞன் அவரோடு வந்து ஊழியம் செய்கிறான்.

இந்த அதிகாரத்தின் மேல் ஏறி நிற்கும் ஒரு பிரசங்கத்தையும் இங்கே மறுக்கவேண்டும். சோர்ந்துபோனதால் எலியாவை தேவன் பதவியிலிருந்து இறக்கி, எலிசாவை அவருடைய இடத்தில் வைத்துவிட்டார் என்று பலமுறை கேட்டிருக்கிறேன். சோர்ந்த ஊழியனுக்கு இதைவிடக் கொடிய மிரட்டல் இல்லை, இதைவிடப் பிழையான வாசிப்பும் இல்லை. நாபோத்தின் திராட்சத்தோட்டத்தில் ஆகாப் ராஜாவை எதிர்த்து நின்றது யார்? இரண்டு அதிகாரங்கள் தாண்டி, அதே எலியாதான். அகசியாவிடம் தேவனுடைய தீர்ப்பைச் சொன்னவரும் அவரே. சாகவேண்டுமென்று கேட்ட அந்த மனிதன் சாகாமலே எடுத்துக்கொள்ளப்பட்டார். மோசேயையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தில், இந்த ஜனங்களையெல்லாம் நான் ஒருவனாகச் சுமக்கமுடியாது, என்னைக் கொன்றுபோடும் என்று அவர் வெளிப்படையாகக் கேட்கிறார். அதற்குக் கிடைத்த பதில் 70 மூப்பர்கள். மறுரூப மலையில் இயேசுவோடு நின்று பேசத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இந்த இருவர்தான். வேதாகமத்திலுள்ள எத்தனையோ பரிசுத்தவான்களில், ஊழியத்தின் நடுவே தன்னைக் கொன்றுவிடும்படி தேவனிடம் கேட்ட இரண்டுபேர்! சோர்வு அழைப்பை ரத்துசெய்கிறது என்று போதிக்கிறவர்கள் அந்த மலையைப் பார்த்துப் பதில் சொல்லட்டும்.

பவுல் சோர்ந்துபோகவில்லையே என்பது அடுத்த வாதம். கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தைத் திறந்து காட்டுவார்கள். நாங்கள் சோர்ந்துபோகிறதில்லை என்ற கருத்து அங்கே இருப்பது உண்மை. ஆனால் அதே நிருபத்தின் முதல் அதிகாரத்தில், ஆசியாவில் பட்ட பாடு பலத்துக்கு மிஞ்சியதாயிருந்து, பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போயிற்று என்று அவரே எழுதியிருக்கிறார். இரண்டாம் அதிகாரம் இன்னும் துணிச்சலானது. துரோவாவில் சுவிசேஷத்துக்குக் கதவு திறந்திருந்தது. ஆனால் தீத்துவைக் காணாததால் மனதுக்கு அமைதியில்லாமல், திறந்த கதவை விட்டுவிட்டு மக்கெதோனியாவுக்குக் கிளம்பிவிட்டார். இன்று ஓர் இளம் ஊழியர் இப்படிச் செய்துவிட்டு வந்து சொன்னால் நாம் என்ன சொல்வோம்? ஏழாம் அதிகாரத்தில் முடிச்சு அவிழ்கிறது. மக்கெதோனியாவிலும் இளைப்பாறுதல் இல்லை, வெளியே போராட்டம், உள்ளே பயம். தேவன் ஆறுதல் தந்தார். எப்படி? தீத்து வந்து சேர்ந்தான். அப்போஸ்தலனுக்கு ஆறுதலாக வந்தது ஒரு தரிசனம் அல்ல, ஒரு ஆள்.

இந்த நிருபத்தை முழுவதும் வாசிக்கிற ஒருவர், சோர்ந்துபோகிறதில்லை என்று பவுல் எழுதியதை, களைப்பையே அறியாத ஒருவரின் பெருமையாக எடுத்துக்கொள்ள முடியாது. களைத்து, பயந்து, நம்பிக்கை அற்று, ஆனாலும் ஊழியத்தைக் கைவிடாத ஒருவர் எழுதியது அது. விடாமுயற்சி என்று எதைச் சொல்கிறோமோ, அது சோர்வு இல்லாத நிலையில் தேவைப்படுவதே இல்லை. உற்சாகம் இருக்கும்போது ஓய்வுநாள் பள்ளிக்குப் போக விடாமுயற்சி எதற்கு?

நம் நாட்டிலேயே, திருநெல்வேலிச் சீமையிலேயே நடந்த ஒன்றைப் பார்ப்போம். ஏமி கார்மைக்கேல் 1895இல் இந்தியாவுக்கு வந்தார். தாமஸ் வாக்கர் தம்பதியரோடும் தமிழ்ப் பெண்கள் குழுவோடும் கிராமம் கிராமமாகப் போனார். பெரும்பாலான வீடுகளில் கதவு அடைபட்டது. ஓரிரு பேர் கேட்க முன்வந்தால் குடும்பமும் சாதியும் குறுக்கே நின்றன. நிலைமை உள்ளபடி எப்படியிருக்கிறதோ அப்படியே எழுதி இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கிருந்தவர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது உற்சாகமூட்டுவதாக இல்லையாம்! ஆதரவாளர்கள் எதிர்பார்த்தது வெற்றிச் செய்தி. பின்னர் நேரில் வந்து பார்த்த நண்பர்கள் வற்புறுத்தியதால் 1903இல் அது ‘திங்ஸ் அஸ் தே ஆர்’ என்ற நூலாக வெளிவந்தது.

ஊழியம் பலன் தரவில்லை என்று எழுதியவர் ஊழியத்தை விட்டாரா? டோனாவூரில் அவர் தொடங்கிய இல்லம் கோயில்களுக்கு நேர்ந்துவிடப்பட இருந்த குழந்தைகளையும் ஆதரவற்ற குழந்தைகளையும் பல தலைமுறைகளுக்கு வளர்த்தது. 1931இல் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தபின், 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே கிடந்து எழுதினார். உண்மையை மறைத்து எழுதியிருந்தால் அவருக்கு அந்த ஆண்டுகள் கிடைத்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. மறைக்கிறவர்கள் நீடிப்பதை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு மாதமும் ஜெபக்குறிப்புத் தாளில் வெற்றியை மட்டும் எழுதவேண்டியிருக்கும் மிஷனெரி, கொஞ்ச காலத்தில் தன் தாளை நம்பாதவராகிறார். பிறகு தன்னையும் நம்புவதில்லை.

உண்மையான ஊழியனுக்கு வசதியும் துணையும் வேண்டாம் என்ற எண்ணம் தமிழ்நாட்டுத் திருச்சபைக்குப் புதிதல்ல. அது சீகன்பால்க் காலத்திலேயே இருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கியவரை டேனிஷ் தளபதி 1708இல் சிறைவைத்தார். நாலு மாதம் கழித்து வெளியே வந்தார், வேலையைத் தொடர்ந்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றினார். எதிரியின் சிறை அவரை உடைக்கவில்லை. கடைசி ஆண்டுகளில் அவரை வருத்தியது கோபன்ஹேகனிலிருந்து வந்த கண்டிப்பு. மிஷனெரி என்றால் அப்போஸ்தலரைப்போல வெறுங்கையோடு ஊர் ஊராகச் சுற்றவேண்டும், கோயிலும் பள்ளியும் குடும்பமும் எதற்கு என்ற கொள்கையுடையவர்கள் அங்கே மிஷன் நிர்வாகத்தில் இருந்தார்கள். வெயிலும் நோயும் தெரியாத ஊரில் உட்கார்ந்து எழுதப்பட்ட கொள்கை அது. 1719இல், 37 வயது நிறையுமுன் சீகன்பால்க் இறந்தார். அவருடைய சாவுக்கு அந்தக் கடிதங்கள்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். நோயாளியான ஊழியருக்கு வீட்டிலிருந்து வரவேண்டியது அதுவல்ல என்று மட்டும் சொல்வேன்.

மேடைகளில் அதிகம் சொல்லப்படும் பெயர் வில்லியம் கேரி. 1793இல் வங்காளத்துக்கு வந்து, ஏழு ஆண்டுகள் ஒருவரும் கிறிஸ்தவராகாதபோதும் சோர்ந்துபோகாமல் உழைத்தார், நீ ஏன் சோர்கிறாய் என்பது அந்தப் பிரசங்கம். அதில் விட்டுப்போவதைக் கவனியுங்கள். 1794இல் மகன் பீட்டர் சீதபேதியில் இறந்தான். மனைவி டாரதி மனநலம் குலைந்து, 1807இல் இறக்கும்வரை மீளவில்லை. கேரியின் உறுதியைப் பாடுகிறவர்கள் டாரதியின் பெயரை ஏன் சொல்வதில்லை? ஒருவருடைய விடாமுயற்சிக்கு இன்னொருவர் கொடுத்த விலையை மறைத்துவிட்டு முன்மாதிரி காட்டுவது நேர்மையல்ல. போதகர் வீடுகளில் இன்றும் அந்த விலை கொடுக்கப்படுகிறது. முதல் கனி எப்போது கிடைத்தது என்பதையும் பார்க்கவேண்டும். 1799இல் மார்ஷ்மனும் வார்டும் வந்தார்கள். 1800 தொடக்கத்தில் கேரி அவர்களோடு செராம்பூரில் குடியேறினார். அந்த ஆண்டின் கடைசியில், தோள் நழுவிய தச்சர் கிருஷ்ண பாலுக்கு மருத்துவர் தாமஸ் கட்டுப்போட்டதிலிருந்து தொடங்கிய உறவு, அவருடைய ஞானஸ்நானத்தில் முடிந்தது. தனியாக நின்ற ஆண்டுகளை மட்டும் எடுத்துப் பிரசங்கித்துவிட்டு, கூட்டாளிகள் வந்த ஆண்டை விட்டுவிடுகிறோம்.

பர்மாவில் ஊழியம் செய்த மிஷனெரி ஜட்சனின் கதையையும் இப்படித்தான் பாதி விட்டுச் சொல்கிறோம். 1813இல் ரங்கூன் வந்தவருக்கு முதல் ஞானஸ்நானம் கொடுக்க 1819 ஆயிற்று. 1824இல் ஆவாவில் சிறை. 1826இல் மனைவி ஆன் இறந்தார், சில மாதங்களில் குழந்தை மரியாவும் இறந்தாள். அதற்குப்பின் ஜட்சன் காட்டோரம் ஒரு குடிசை போட்டுத் தனியே ஒதுங்கினார். தனக்கென்று ஒரு குழி வெட்டி அதன் அருகே உட்கார்ந்திருந்த காலமும் உண்டு. தேவன் இருக்கிறார் என்று நம்பினார், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்ற பொருளில் எழுதினார். 1834இல் பர்மிய வேதாகம மொழிபெயர்ப்பை முடித்தவர் இதே மனிதர்தான், மியான்மரின் சபைகளில் அது இன்றும் வாசிக்கப்படுகிறது. நம் பிரசங்கங்கள் ஆவா சிறையிலிருந்து நேராக 1834க்குத் தாவிவிடுகின்றன. நடுவிலுள்ள குடிசையைச் சொன்னால் கேட்கிறவர்கள் இடறிப்போவார்கள் என்று பயம். இடறமாட்டார்கள். கேட்கிறவர்களில் எத்தனையோ பேர் அந்தக் குடிசையில்தான் குடியிருக்கிறார்கள்.

சோர்வு சிலசமயம் நோயாகவும் இருக்கும். தூக்கம் போய், பசி போய், அழுகைக்குக் காரணம் தெரியாமல் வாரக்கணக்கில் ஒருவர் தவிக்கும்போது அவருக்குத் தேவை மருத்துவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பாகாயத்தில் மனநல மையம் நடத்துகிறது. அந்த ஆஸ்பத்திரிக்குப் பெருமையோடு காணிக்கை அனுப்புகிற சபைகள், தங்கள் உபதேசியார் அங்கே போய்வந்தால் விசுவாசத்தைச் சந்தேகிக்கின்றன. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் போதகரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

சோர்வுக்குப் பாவமோ ஜெபக்குறைவோ ஒருபோதும் காரணமாகாதா என்றால், ஆகும். பகையை வளர்த்துக்கொண்டும், புகழைத் தேடிக்கொண்டும், வேதத்தைப் பிரசங்கத்துக்காக மட்டுமே திறந்துகொண்டும் ஊழியம் செய்கிறவன் வறண்டுபோவான். அதை அவனிடம் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் சொல்வதற்குமுன் அவர் கேட்டிருக்கவேண்டும். கடைசியாக எப்போது ஓய்வெடுத்தீர்கள், சம்பளம் ஒழுங்காக வருகிறதா, வீட்டில் யாருக்காவது சுகமில்லையா, உங்களோடு வேலைசெய்ய யார் இருக்கிறார்கள் என்ற கேள்விகளைக் கேட்காமல் நேராகத் தீர்ப்புக்குப் போகிறவர் யோபுவின் நண்பர்களின் வழியில் போகிறார். அவர்களாவது முதல் ஏழு நாள் வாய்திறக்காமல் உடன் உட்கார்ந்திருந்தார்கள்.

நல்லவர்களே இந்தத் தீர்ப்பைச் சொல்கிறார்களே, ஏன்? இது சபைக்குச் செலவில்லாதது என்பதே காரணம் என்று நினைக்கிறேன். குறை ஊழியரின் ஜெபத்தில் இருக்கிறது என்று முடிவுசெய்துவிட்டால், இரண்டாவது ஆசிரியரைத் தேடவேண்டாம், நின்றுபோன சம்பளத்தைப் பற்றிச் சேகரக் கமிட்டியில் பேசவேண்டாம், நான்கு கிராமங்களுக்கு ஓர் உபதேசியார் போதுமா என்று கணக்குப் பார்க்கவேண்டாம். மோசே முறையிட்டபோது அவருடைய ஜெபத்தில்தான் குறை என்று இஸ்ரவேலர் முடிவுகட்டியிருந்தால் அந்த 70 பேரும் கூடாரத்திலேயே இருந்திருக்கலாம். நன்மைசெய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்று கலாத்தியருக்கு எழுதியதை நாம் ஊழியருக்கு நினைவூட்டுகிறோம். அதே அதிகாரத்தில், அதற்குச் சில வசனங்கள் முன்னாலேயே, ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்லியிருப்பதை நமக்கு யார் நினைவூட்டுவது?

சோர்வை இப்படி ஒத்துக்கொண்டால் எல்லோரும் சாக்குச்சொல்லி ஊழியத்தை விட்டுவிடுவார்கள் என்ற பயத்துக்கும் பதில் சொல்லவேண்டும். மாற்குவை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மிஷனெரிப் பயணத்தில் பம்பிலியாவிலேயே விட்டுவிட்டுத் திரும்பியவன். அடுத்த பயணத்துக்கு அவன் வேண்டாம் என்றார் பவுல். பர்னபா விடவில்லை. இருவருக்கும் கடும் வாக்குவாதம் வந்து பிரிந்தே போனார்கள், பர்னபா மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருவுக்குக் கப்பலேறினார். பல ஆண்டுகளுக்குப் பின், சிறையிலிருந்து தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் ஊழியத்தில் எனக்குப் பிரயோஜனமானவன் என்று பவுலே எழுதினார். அதே அதிகாரத்தில் தேமாவும் வருகிறான், உலகத்தின்மேல் ஆசைவைத்துப் போய்விட்டவன். போகிறவர்களில் தேமாக்களும் உண்டு, மாற்குகளும் உண்டு. பம்பிலியாவில் நிற்கும்போது யார் எது என்று பவுலுக்கே தெரியவில்லை. நமக்குத் தெரியும் என்று எந்தத் தைரியத்தில் மேடையிலிருந்து சொல்கிறோம்? சாக்குச்சொல்லி நழுவுகிறவர்களைவிட, சொல்ல ஆளில்லாமல் உள்ளுக்குள் உடைந்து, ஒருநாள் ராஜினாமாக் கடிதத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போனவர்களைத்தான் நான் அதிகம் அறிவேன்.

ஆகவே சேகரக் கமிட்டிகளிடமும் மிஷனெரி சங்கங்களிடமும் சில காரியங்களைக் கேட்கிறேன். ஓய்வுநாள் பள்ளியின் எந்த வகுப்புக்கும் ஓர் ஆசிரியரை மட்டும் நியமிக்காதீர்கள். இயேசு சீடர்களை இரண்டிரண்டு பேராகத்தான் அனுப்பினார். அவர்கள் திரும்பிவந்தபோது, சாப்பிடக்கூட நேரமில்லாமல் இருந்ததால், தனித்த இடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறச் சொன்னார். மாத அறிக்கையில், நடக்காமல் போனவற்றையும் எழுத இடம் விடுங்கள், அப்படி எழுதியவரின் படியைக் குறைக்காதீர்கள். வடக்கேயிருந்து விடுமுறைக்கு வருகிற மிஷனெரியை ரயிலிலிருந்து இறக்கி நேராகக் கூட்டம் கூட்டமாக இழுத்துக்கொண்டு போகிறோம். ஆதரவு திரட்ட அது தேவை என்பது எனக்குத் தெரியும். முதல் மாதம் மட்டும் அவரை எந்த மேடையிலும் ஏற்றாதீர்கள். அவர் தூங்கட்டும், அவர் மனைவி தாய்வீட்டில் இருக்கட்டும், பிள்ளைகள் பாட்டியோடு இருக்கட்டும். கூட்டங்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.